கம்ப்யூட்டருக்குள் ஓர் இதயம்: ஆபத்தான துடிப்புக் கோளாறுகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவனாக இருந்தபோது சில வருடங்கள், இதயத்தில் மின் அலை பரவுவதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அப்போது வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சித்தப்பாவின் நெஞ்சில், துடிப்பு குலைந்தால் தானாகவே ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி வைத்த பிறகு நிலைமை தலைகீழ். கல்யாண வீடு, துக்க வீடு எங்கே போனாலும் யாராவது ஓரமாக அழைத்துப்போய்க் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நண்பர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

மாரடைப்பும் துடிப்புக் கோளாறும் ஒன்றுதானே?

இல்லை. மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் விழிப்போடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்பார். துடிப்புக் கோளாறு மின்சாரம் சம்பந்தப்பட்டது. அதில் மிக மோசமானது கீழறை நடுக்கம். டாக்டர்கள் வி.எஃப். என்று சுருக்கிச் சொல்வார்கள். கீழறைத் தசையின் ஒவ்வொரு பகுதியும் தன்பாட்டுக்குச் சுருங்குவதால் ரத்தம் வெளியே போவதில்லை. சில நொடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் ஷாக் கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும். இதற்கு முந்தைய படியாகப் பல சமயம் வருவது வி.டி. அதில் கீழறை தாறுமாறாக இல்லாமல், ஒழுங்காகவே, ஆனால் மிக வேகமாக அடித்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் உறவு உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்தவரின் இதயத்தில் செத்துப்போன தசை தழும்பாகிறது. அந்தத் தழும்பு பல வருடம் சும்மா கிடந்துவிட்டு ஒரு நாள் துடிப்பைக் குலைக்கலாம். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான்.

தழும்பு எப்படித் துடிப்பைக் குலைக்கும்? அது செத்த தசைதானே?

செத்த தசை என்பதால்தான் குலைக்கிறது. ஊர்க் கோயில் குளத்தைச் சுற்றிப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றே ஒன்று: பக்கத்தில் நிற்பவர் குலவையிட்டால் நீங்களும் இட வேண்டும். இட்டு முடித்ததும் மூச்சு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் யார் குலவையிட்டாலும் உங்களால் சேர முடியாது.

கிழக்குப் படித்துறையில் ஒருவர் ஆரம்பிக்கிறார். குலவை இரண்டு பக்கமும் பரவிப்போய் மேற்குப் படித்துறையில் மோதுகிறது. இரண்டு பக்கத்திலும் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதால் அங்கேயே அடங்கிவிடுகிறது. நல்ல துடிப்பு இப்படித்தான் முடிகிறது.

இன்னொரு தடவை, ஆரம்பித்தவருக்கு வலது பக்கம் நிற்கும் நாலு பேர் மட்டும் ஏற்கெனவே குலவையிட்டுக் களைத்திருக்கிறார்கள். குலவை அந்தப் பக்கம் போக முடியாமல் இடது பக்கமாக மட்டும் போகிறது, குளத்தை முழுக்கச் சுற்றி வருகிறது. வந்து சேர்வதற்குள் அந்த நாலு பேருக்கும் மூச்சு திரும்பிவிட்டது. அவர்கள் இடுகிறார்கள், ஆரம்பித்தவரும் மறுபடி இடுகிறார். அப்புறம் யாரும் புதிதாக ஆரம்பிக்கவே வேண்டாம், குலவை சுற்றிக்கொண்டே இருக்கும். இதயத் தழும்புதான் அந்தக் குளம்.

இதைப் பரிசோதனையில் தெளிவாகக் காட்டியவர் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற ஆங்கிலேயர். இதயத் தசையை வளையமாக வெட்டி, அதில் அலை சுற்றிச் சுற்றி ஓடுவதை 1913, 1914 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் விவரித்தார். தவறான கணத்தில் கொடுத்த ஒரே ஒரு தூண்டல் கீழறையை நடுங்க வைத்துவிடும் என்றும் கண்டுபிடித்தார். 1914 நவம்பரில் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வகத்தில் கருவிகளோடு நினைவிழந்து கிடந்தார், அன்றே இறந்தார். வயது 28. தன் மேலேயே சோதித்துப் பார்த்திருப்பார் என்று பலர் ஊகிக்கிறார்கள்.

இதை மனக்கணக்காகவே போடலாமே, கம்ப்யூட்டர் எதற்கு?

ஓரளவு போடலாம். மனிதக் கீழறைத் தசையில் அலை நார்களின் திசையில் நொடிக்கு சுமார் 60 செ.மீ. ஓடும். ஒரு செல் மூச்சு வாங்கும் நேரம் தோராயமாக 0.3 நொடி. இரண்டையும் பெருக்கினால் 18 செ.மீ. அலை தன் வாலைத் தானே மிதிக்காமல் சுற்ற வேண்டுமானால் பாதை அதைவிட நீளமாக இருக்க வேண்டும். கைப்பிடி அளவு இதயத்தில் அவ்வளவு நீளச் சுற்று அமைவது கஷ்டம். நம்மில் பெரும்பாலோர் பிழைத்துக் கிடப்பதற்கு இந்தப் பெருக்கல் கணக்கும் ஒரு காரணம்.

தழும்பின் ஓரத்தில் பாதி செத்தும் பாதி உயிரோடும் இருக்கும் தசையில் வேகம் 20 செ.மீ. ஆகக் குறையலாம். மூச்சு வாங்கும் நேரம் 0.2 நொடி என்று வைத்தால் 4 செ.மீ. பாதை போதும். அது எங்கேயும் கிடைக்கும்.

ஆனால் நிஜத்தில் வேகம் இடத்துக்கு இடம் மாறும். நார்களின் திசையில் ஒரு வேகம், குறுக்கே அதில் பாதிக்கும் கீழே. அந்த நார்களோ இதயச் சுவரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வருவதற்குள் நூறு டிகிரிக்கு மேல் திரும்பிவிடுகின்றன. துடிப்பு வேகமாக வேகமாக மூச்சு வாங்கும் நேரமும் மாறுகிறது. இவ்வளவையும் சேர்த்து மனத்தில் ஓட்டக்கூடிய ஆளை நான் பார்த்ததில்லை.

சரி, கம்ப்யூட்டருக்குள் இருப்பது என்ன? படமா?

படம் கடைசியில் வருவது. உள்ளே இருப்பவை சமன்பாடுகள்.

முதலில் ஒரு செல். அதன் சவ்வில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போய்வரச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மதகு உண்டு. ஓய்வில் செல்லின் உள்பக்கம் வெளியைவிட 85 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். அலை வந்ததும் சோடிய மதகு திறந்து மின்னழுத்தம் ஒரே தாவாகத் தாவும். அப்புறம் கால்சியம் உள்ளே வந்து அதைக் கொஞ்ச நேரம் மேலேயே தாங்கிப் பிடிக்கும், பொட்டாசியம் வெளியே போய்க் கீழே இறக்கும். எந்த மதகு எப்போது எவ்வளவு திறக்கிறது என்பதற்கு ஆளுக்கு ஒரு சமன்பாடு. மனிதக் கீழறைச் செல்லுக்கு 2011ல் வெளிவந்த ஓ'ஹாரா-ரூடி மாதிரியில் (மாதிரி என்பது இப்படிப்பட்ட சமன்பாடுகளின் தொகுப்பு) ஒரு செல்லுக்கே 40க்கு மேல் மாறிகள் உண்டு. நோயில்லாத நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களிலிருந்து எடுத்த அளவுகளை வைத்து அதை உருவாக்கினார்கள்.

அடுத்து தசை. இருநூறு கோடிக்கு மேல் இருக்கும் செல்களை ஒவ்வொன்றாக வைக்க முடியாது. அதனால் இதயத்தைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் அளவில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு செல்லின் சமன்பாடுகளை வைத்து, பக்கத்துப் புள்ளிக்கு மின்னோட்டம் கசிவது போல இணைக்கிறார்கள். நேரத்தையும் நறுக்க வேண்டும். சோடிய மதகு அவ்வளவு அவசரக்காரன் என்பதால் 0.02 மில்லிநொடி அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்குவது வழக்கம்.

இப்போது கணக்கு: ஒரு நொடிக்கு 50,000 தடவை, 30 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 40 மாறிகள். ஒரு நொடி இதயத் துடிப்புக்கு 6 லட்சம் கோடி எண்களைப் புதுப்பிக்க வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டர் கேட்பது ஆடம்பரத்துக்காக இல்லை.

நறுக்குவதில் சோம்பல் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சீக்கிரம் முடியட்டும் என்று நேரத் துண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் இதயம் முழுக்க 'எண் இல்லை' என்ற ஒரே வரி, கணக்கே சிதறிப்போயிருந்தது.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

கணவாய் மீனுக்கு இதில் பங்கு உண்டு. அதன் உடலில் ஓடும் தடித்த நரம்பை வைத்து ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952ல் நரம்பு மின்துடிப்பின் சமன்பாடுகளை எழுதினார்கள். 1963ல் நோபல் பரிசு பெற்றார்கள். கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டர் அப்போது வேலைக்குக் கிடைக்காததால் ஹக்ஸ்லி பிரன்ஸ்விகா என்ற கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றியே விடை கண்டார்.

இதயத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் டெனிஸ் நோபிள். (நோபல் பரிசுக்கும் இவர் பெயருக்கும் சம்பந்தமில்லை.) லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆராய்ச்சி மாணவர், இருபத்துச் சொச்சம் வயது. லண்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெரான்டி மெர்குரி கம்ப்யூட்டரில் அவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் விடியற்காலை 2 மணி முதல் 4 மணி வரை. பகலில் ஆட்டு இதயத்தில் சோதனை, நடுராத்திரியில் கணக்கு. இதய நார் ஒன்று தானாகத் துடிப்பதை 1960ல் அந்தச் சமன்பாடுகள் காட்டின.

இன்னொரு வழியில் வந்தவர்களும் உண்டு. அவர்கள் செல்லின் உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. 1946ல் கணித மேதை நார்பர்ட் வீனரும் மெக்சிகோ உடலியல் அறிஞர் ஆர்துரோ ரோசன்ப்ளூத்தும், நம் குலவை விதி போன்ற எளிய விதிகளை மட்டும் வைத்து, தடையைச் சுற்றி ஓடும் அலையைக் கணிதமாக்கினார்கள். 1964ல் கார்டன் மோ குழுவினர் 992 அறுகோணக் கட்டங்கள் உள்ள ஒரு 'மேலறை'யைக் கம்ப்யூட்டரில் வைத்து, அதில் பல சிற்றலைகள் ஒன்றை ஒன்று துரத்தி நடுக்கத்தை அணையாமல் வைத்திருப்பதைக் காட்டினார்கள். நிஜ மேலறையில் அப்படிப்பட்ட சிற்றலைகளை மின்முனைகள் வைத்துப் பார்க்க இருபது வருடம் பிடித்தது.

சமன்பாடு தப்பாக இருந்தால்?

இருந்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த பகுதியே அதுதான்.

நோபிளின் 1960 மாதிரியில் கால்சிய வாய்க்காலே கிடையாது, ஏனென்றால் இதயத்தில் அப்படி ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. இருந்தும் மாதிரி துடித்தது! சோடிய வாய்க்காலைக் கொஞ்சம் வளைத்து, கால்சியத்தின் வேலையையும் அதன் தலையிலேயே கட்டியிருந்தார். விடை சரியாக வந்தது, காரணம் முழுக்கச் சரியில்லை. பரீட்சையில் இப்படி எழுதி மார்க் வாங்கியவர்களுக்குப் புரியும்.

1975ல் நோபிளும் மற்றும் இருவரும் போட்ட அடுத்த மாதிரியில் இன்னொரு சங்கதி. துடிப்பைத் தொடங்கிவைக்கும் மின்னோட்டம் பொட்டாசியம் வெளியேறுவது மெல்ல மெல்லக் குறைவதால் வருகிறது என்று கொண்டார்கள். இத்தாலியரான தாரியோ டிஃபிரான்செஸ்கோ, அது வெளியே போகும் ஓட்டம் குறைவது இல்லை, உள்ளே வரும் ஓட்டம் கூடுவது என்று காட்டினார். திசையே தலைகீழ். அந்த மின்னோட்டத்தின் விசித்திர நடத்தையால் 'ஃபன்னி கரன்ட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நோபிள் சண்டைக்குப் போகவில்லை. இருவரும் சேர்ந்து 1985ல் புதிய மாதிரியை வெளியிட்டார்கள். இன்று துடிப்பைக் குறைக்கத் தரும் ஐவாபிராடின் மாத்திரை அடக்குவது அந்த மின்னோட்டத்தைத்தான்.

சுருள் அலை என்கிறார்களே, அது என்ன?

குளமே இல்லாமல் சுற்றும் குலவை. அலையின் ஒரு முனை அறுந்துபோனால், அந்த அறுந்த முனை தன்னைத் தானே சுற்ற ஆரம்பிக்கும். மேலிருந்து பார்த்தால் விஷ்ணு சக்கரம் சுற்றித் தீப்பொறி விடுவது போல இருக்கும். ஒரு சுருள் ஒரே இடத்தில் சுற்றினால் அதுவே வி.டி. அது உடைந்து பல சுருள்களாக மாறினால் வி.எஃப். என்பது பரவலான விளக்கம். தசையில் சாயம் ஏற்றி, மின்னழுத்தம் மாறும்போது ஒளி மாறுவதைப் படம் பிடித்து, இதயத் தசையில் சுருள் அலை இருப்பதை 1992ல் ஹோசே ஹாலிஃபே குழுவினர் காட்டினார்கள்.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்கிறது. சென்னை தரமணியில் 'மேட்சயன்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ரா சின்ஹாவும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட்டும் பல வருடங்களாக இதில் எழுதுபவர்கள். ஆஷ்வின் பாண்டேயுடன் சேர்ந்து 2001ல் அவர்கள் சொன்ன யோசனை நம் ஊர் வயல் வரப்பை நினைவூட்டும். தசையில் வரப்பு மாதிரிக் கோடுகளில் மட்டும் சின்ன மின்தூண்டல் கொடுத்தால் ஒவ்வொரு 'வயலும்' தனித்தனியாகிவிடும். அவ்வளவு சிறிய வயலில் சுருள் பிழைக்காது. கணக்கில் அழகாக வேலை செய்கிறது. நிஜ இதயத்தின் மேல் வரப்பு போடுவது எப்படி என்பது வேறு கதை.

2007ல் ஷாஜஹானுடன் சேர்ந்து இவர்கள் காட்டியது இன்னும் முக்கியம் என்பேன். தசையில் இருக்கும் ஒரு தடையைக் கொஞ்சம் நகர்த்தினாலே சுருள் அதில் ஒட்டிக்கொள்வதும், உடைந்து சிதறுவதும், ஒழிந்துபோவதும் மாறிவிடுகிறது. ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து இன்னொருவருக்குப் பலிக்காததன் ஒரு காரணம் இங்கே இருக்கலாம்.

மருந்து விஷயத்தில் இதனால் என்ன பயன்?

இதற்கு ஒரு சோகக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே உதிரித் துடிப்புகள் வரும். அவை அதிகமாக வருபவர்களில் திடீர் மரணமும் அதிகம். அப்படியானால் உதிரித் துடிப்பை அடக்கினால் மரணம் குறையும் இல்லையா? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டாக்டர்களும் அப்படித்தான் எண்ணி ஃப்ளெகெய்னைடு, என்கெய்னைடு மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெரிய சோதனை நடந்தது. மருந்து எடுத்தவர்களும் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுமாக 1,498 பேர், கிட்டத்தட்டப் பாதிப் பாதி. சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 63 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 26 பேர். அந்த இரண்டு மருந்துகளையும் 1989லேயே சோதனையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

குளக்கரைக்குத் திரும்பிப் பாருங்கள். மருந்து, தானாகக் குலவை ஆரம்பிப்பவர்களின் வாயை அடைத்தது. ஆனால் அது வேலை செய்வது சோடிய மதகில், அலையின் வேகம் இருப்பதும் அதே மதகில். அதனால் குலவை பரவும் வேகமும் குறைந்துபோனது. தப்பித்தவறி ஒரு குலவை கிளம்பிவிட்டால், அது மெதுவாகச் சுற்றி வருவதற்குள் களைத்த நாலு பேருக்கும் தாராளமாக மூச்சு திரும்பிவிடும். ஆரம்பம் குறைந்தது, ஆரம்பித்தது நிற்காமல் போனது. 2011ல் கொலீன் கிளான்சி குழுவினர் ஃப்ளெகெய்னைடு சோடிய மதகில் ஒட்டி விடுபடும் விதத்தைச் சமன்பாடாக்கி, நோயாளிகளுக்குக் கொடுக்கும் அளவிலேயே அது துடிப்பைக் குலைப்பதைக் கம்ப்யூட்டர் தசையில் காட்டினார்கள். காலம் கடந்த ஞானம்தான். ஆனால் இனி வரும் மருந்துகளுக்கு அது முன்கூட்டியே கிடைக்கும்.

ஒவ்வாமை மாத்திரைகூட இதயத்தைத் தாக்கும் என்கிறார்களே?

டெர்ஃபெனடின் என்று ஒன்று இருந்தது. தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரை என்று உலகமெங்கும் விற்றது. சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, 'ஹெர்க்' என்ற பொட்டாசிய வாய்க்காலை அடைத்து, உயிரைக் குடிக்கும் ஒருவகை வி.டி.யைக் கொண்டுவந்தது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது. (அந்த வாய்க்காலின் பெயர்க் கதை வேடிக்கையானது. ஈதர் மயக்கத்தில் கோ-கோ நடனக்காரர்கள் மாதிரிக் காலை உதறிய பழ ஈக்களிலிருந்து வந்த பெயர்.)

அதன்பின் 2005லிருந்து, ஹெர்க்கை அடைக்கிறதா, இசிஜியில் க்யூ-டி இடைவெளி (கீழறையில் அலை கிளம்பியதிலிருந்து தசை மின் ஓய்வுக்குத் திரும்பும்வரை ஆகும் நேரம்) நீள்கிறதா என்று ஒவ்வொரு புது மருந்தையும் சோதிக்கும் விதிகள் வந்தன. நல்ல விதிகள்தான், ஆனால் முரட்டு விதிகள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெராபமில் மருந்து ஹெர்க்கை அடைக்கும். கூடவே கால்சிய வாய்க்காலையும் அடைப்பதால் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும், பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஒற்றை வாய்க்காலை மட்டும் பார்த்துத் தள்ளினால் அப்படிப்பட்ட மருந்து வெளியே வராமலே போயிருக்கும்.

அதனால் 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் மற்றவர்களும் சேர்ந்து சிபா என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். மருந்து எந்தெந்த வாய்க்காலை எவ்வளவு அடைக்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து, அந்த எண்களை மனிதச் செல் மாதிரியில் போட்டு, மொத்த விளைவைப் பார்ப்பது. ஆபத்து எவ்வளவு என்று முன்பே தெரிந்த 28 மருந்துகளை எடுத்து, 12ஐ வைத்து மாதிரியைப் பழக்கி, மீதி 16ஐ வைத்துப் பரீட்சை வைத்தார்கள். அடிப்படை, நாம் மேலே பார்த்த ஓ'ஹாரா-ரூடி மாதிரியின் திருத்திய வடிவம்.

அப்படியானால் விலங்குச் சோதனை இனி வேண்டாமா?

குறையும். அடியோடு போகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் பிளாங்கா ரோட்ரிகஸ் குழுவினர் 2017ல் 62 மருந்துகளைக் கம்ப்யூட்டரில் மட்டும் சோதித்து 89 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். அவர்களுடைய தந்திரம், ஒரே ஒரு 'சராசரி மனிதச் செல்'லை நம்பாமல், மதகுகளின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிய ஒரு கூட்டத்தையே வைத்துச் சோதித்தது. சராசரி மனிதன் என்று ஒருவன் எந்த ஆஸ்பத்திரியிலும் அனுமதிக்கப்பட்டதில்லையே.

என் இதயத்தையே அப்படியே கம்ப்யூட்டரில் எடுக்க முடியுமா?

வடிவத்தையும் தழும்பையும் எடுக்க முடியும். கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் தழும்பு வெள்ளையாகத் தெரியும், அதன் ஓரத்துப் பாதி உயிருள்ள பகுதி சாம்பலாகத் தெரியும். அதைக் கட்டம் கட்டமாக்கி, நார்களின் திசையைப் பொது விதிப்படி நிரப்பி, ஒவ்வொரு வகைத் தசைக்கும் உரிய சமன்பாடுகளை வைத்துவிடலாம். ஆனால் உங்கள் மதகுகளின் சொந்த எண்கள் அதில் இருக்காது. அவை பொது மனிதனுடையவை. 'டிஜிட்டல் இரட்டையர்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சின்ன எழுத்திலாவது போட வேண்டும்.

இந்த வழியில் அதிகம் போனவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நடாலியா ட்ரயனோவா. ஐ.சி.டி. யாருக்கு வைப்பது என்பதற்கு இன்று முக்கிய அளவுகோல், இதயம் ஒரு துடிப்பில் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்பது. 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் பெரும்பாலும் வைப்பார்கள். பம்பின் பலத்தை வைத்து மின்சாரத்தின் ஆபத்தை ஊகிப்பது இது. அப்படி வைத்தவர்களில் பலருக்கு அந்தக் கருவி ஒரு தடவைகூட ஷாக் கொடுக்க நேர்வதில்லை. இன்னொரு பக்கம், 35க்கு மேலே இருந்தவர்களில் சிலர் திடீரென்று போய்விடுகிறார்கள்.

ட்ரயனோவா குழுவினர் 2016ல், மாரடைப்பு வந்து பிழைத்த 41 பேரின் இதயங்களை எம்.ஆர்.ஐ.யிலிருந்து கம்ப்யூட்டரில் கட்டி, பல இடங்களிலிருந்து தூண்டிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் தூண்டியும் அலை சுற்றில் மாட்டவில்லை என்றால் ஆபத்து குறைவு, மாட்டினால் அதிகம். நிஜத்தில் அவர்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டபோது ஏற்கெனவே இருக்கும் அளவுகோல்களைவிட இது நன்றாகவே பிரித்துக் காட்டியது. பழைய நோயாளிகளை வைத்துப் பார்த்தது, 41 பேர்தான் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த படி அப்லேஷன். காலிலிருந்து குழாய் வழியாக இதயத்துக்குள் போய், அலை சுற்றும் பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை. எங்கே சுடுவது என்று சிகிச்சை மேஜையில் தேடவே மணிக்கணக்காகும். 2018ல் இதே குழு, கம்ப்யூட்டரில் முதலில் சுட்டுப் பார்த்து இடம் குறித்துக் கொடுத்து, 5 வி.டி. நோயாளிகளுக்கு அதன்படி சிகிச்சை நடந்தது. அடுத்த வருடம் மேலறை நடுக்கம் உள்ள 10 பேருக்கு. ஒரு இடத்தைச் சுட்டதும் அலை வேறு பாதையைப் பிடித்துக்கொள்வது இந்தச் சிகிச்சையின் பெரிய தலைவலி. கம்ப்யூட்டரில் அந்தப் புதுப் பாதையையும் முன்னாலேயே தேடி அடைக்கலாம். எத்தனை தடவை தப்பாகச் சுட்டாலும் யாருக்கும் வலிக்காது.

ஷாக் கொடுப்பதையும் கணக்கிடுகிறார்களா?

ஆமாம், அதில்தான் கம்ப்யூட்டர் மாதிரி நிஜச் சோதனையை முந்திக்கொண்ட சம்பவம் இருக்கிறது. மின்முனையைத் தசையில் வைத்தால் அதைச் சுற்றி வட்டமாக ஒரே மாதிரி விளைவு இருக்கும் என்றுதான் நினைப்போம். செல்லுக்கு உள்ளே ஒரு மின்வெளி, வெளியே ஒரு மின்வெளி, இரண்டிலும் நார்த் திசைக்கும் குறுக்குத் திசைக்கும் கடத்தும் விகிதம் வேறு வேறு என்று வைத்து 1989ல் செபுல்வேதா, ராத், விக்ஸ்வோ கணக்கிட்டபோது, நாய்க்குப் போடும் எலும்புத் துண்டு மாதிரி ஒரு வடிவமும் அதன் இரு பக்கமும் எதிர்க்குறி மின்னழுத்தம் உள்ள தீவுகளும் வந்தன. 1995ல் விக்ஸ்வோவின் ஆய்வகம் நிஜ இதயத்தில் படம் பிடித்தபோது அதே எலும்பு. ஷாக் ஏன் சில நேரம் நடுக்கத்தை நிறுத்துகிறது, ஏன் சில நேரம் புதிதாகக் கிளப்பிவிடுகிறது என்பதை இந்தத் தீவுகளை வைத்துத்தான் இப்போது விளக்குகிறார்கள்.

ஏஐ வந்துவிட்டதே, சமன்பாடெல்லாம் இனி எதற்கு?

திடீர் இதய மரணத்தைப் படங்களிலிருந்து கணிக்கும் ஏஐயையும் ட்ரயனோவா குழுவே செய்திருக்கிறது. இரண்டும் தேவை. ஏஐ பார்த்த மாதிரியான நோயாளிகளுக்கு நன்றாகச் சொல்லும். இதுவரை யாருக்கும் கொடுக்காத மருந்துக்கோ, இதுவரை சுடாத இடத்துக்கோ கற்றுக்கொள்ள உதாரணமே கிடையாது. அங்கே காரண காரியம் தெரிந்தவனைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுமா?

சொல்லாது. சித்தப்பாவும் இதைத்தான் முதலில் கேட்டார். எங்கே சுற்று அமையலாம், எது அதைக் கிளப்பலாம், எதைச் செய்தால் அமையாது என்பது வரை சொல்லும். எந்த நிமிடம் என்பது அன்றைய பொட்டாசிய அளவு, தூக்கம், பதற்றம், ஓர் உதிரித் துடிப்பு விழும் கணம் என்று பலதையும் பொறுத்தது. சித்தப்பா, "அப்ப ஜோசியரே தேவலை" என்றார்.

அடிக்கடி படபடப்பு வருகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரைப் பார்த்து இசிஜி எடுங்கள். பெரும்பாலான படபடப்பு ஆபத்தில்லாதது. படபடப்போடு மயக்கம் வந்தாலோ, வீட்டில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கண்ணெதிரே ஒருவர் விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் போக, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.

வீட்டு லேப்டாப்பில் நானே ஓட்டிப் பார்க்கலாமா?

தாராளமாக. ஓபன்கார்ப், மையோகிட், சேஸ்ட் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வெளியான செல் மாதிரிகளின் சமன்பாடுகளை செல்எம்எல் களஞ்சியத்தில் எழுத்துப் பிழையில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைவிட எளிது: 1961ல் ஃபிட்ஸ்ஹியூ எழுதி, அடுத்த வருடம் நகுமோ மின்சுற்றாகக் கட்டிய இரண்டே இரண்டு மாறிகள் கொண்ட மாதிரி. பைத்தானில் ஐம்பது அறுபது வரி.

சதுரத் தசை ஒன்றை எடுத்து, இடது ஓரம் முழுக்கத் தூண்டுங்கள். நேர்க்கோடாக ஓர் அலை வலது பக்கம் போகும். அதன் வால் நடுவைத் தாண்டும் சமயத்தில் கீழ்ப்பாதியில் இரண்டாவது தூண்டலைக் கொடுங்கள். சீக்கிரம் கொடுத்தால் தசை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், ஒன்றும் நடக்காது. தாமதமாகக் கொடுத்தால் இன்னோர் அலை கிளம்பி, பரவி, ஓரத்தில் போய் அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான இடைவெளி இருக்கிறது, மைன்ஸ் 1914ல் தேடியது அதைத்தான். அதில் விழுந்தால் புது அலையின் ஒரு பக்கம் அறுபட்டு, அறுந்த முனை சுருண்டு, சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். அந்த இடைவெளியைப் பிடிக்க முதல் தடவை எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆயிற்று.